பத்திரிகை அடிக்கணும் என்றால் முகூர்த்தம் எப்போது என்பார்கள்: தருமபுரியிலிருந்து ஒரு சிற்றிதழ், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரியில் எந்த அச்சகத்துக்குள் நுழைந்து "பத்திரிகை அடிக்கணும்" என்று சொன்னாலும், "முகூர்த்தம் என்னிக்குங்க?" என்றுதான் கேட்பார்கள். எங்களையும் அப்படித்தான் கேட்டார்கள். கல்யாணம் இல்லை, இலக்கியம் என்றதும் அச்சகத்து அண்ணாச்சி ஒரு மாதிரி பார்த்துவிட்டு, உட்காரச் சொல்லி டீ வாங்கிக்கொடுத்தார். நாங்கள் நாலு பேர். ஒருவர் பள்ளி ஆசிரியர், ஒருவருக்கு ஓசூரில் ஷிப்டு வேலை, ஒருவர் பாலக்கோட்டில் கடை வைத்திருக்கிறார், நான் கணக்கு எழுதுகிறவன். 3 மாதத்துக்கு ஒரு முறை 64 பக்கம், 300 பிரதி, விலை 100 ரூபாய். புத்தகத் திருவிழாவில் எங்கள் மேசை முன்னால் நின்று கேட்பவர்களுக்கும், ராத்திரி பத்து மணிக்கு மேல் போன் செய்து "நாமளும் ஒண்ணு ஆரம்பிக்கலாம்னு இருக்கோம்" என்பவர்களுக்கும் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

இந்தக் காலத்தில் யார் அச்சுப் பத்திரிகை படிக்கிறார்கள்?

300 பேர். அவர்கள் பெயரும் ஊரும் எனக்குத் தெரியும், பாதிப் பேரின் பின்கோடுகூட மனப்பாடம்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பெரிய பத்திரிகைக்கு வாசகர் என்றால் ஒரு எண்ணிக்கை, எங்களுக்கு ஒரு முகவரி. அரூர் பக்கம் ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியர் இருக்கிறார். 50 காசு அஞ்சலட்டையில், ஒவ்வொரு இதழிலும் இருக்கும் எழுத்துப் பிழைகளைப் பக்க எண்ணோடு எழுதி அனுப்புவார், ஒரு வரி பாராட்டு இருக்காது. ஆனால் சந்தா முடிவதற்கு ஒரு மாதம் முன்னாலேயே பணம் வந்துவிடும். பெங்களூரில் வேலை பார்க்கும் பையன்கள் பலர், தங்கியிருக்கும் அறையை அடிக்கடி மாற்றுவதால் ஊர் முகவரியைத்தான் கொடுக்கிறார்கள். இதழ் காரிமங்கலத்துக்கோ மொரப்பூருக்கோ போய், அம்மா அதை டிவி மேல் அடுக்கி வைக்க, பொங்கலுக்கு வரும்போது நாலையும் சேர்த்துப் படிக்கிறார்கள். "தை மாசம் உங்க சித்திரை இதழைப் படிச்சேன்" என்று ஒரு தம்பி சொன்னபோது சிரிப்பு வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

சிற்றிதழ் என்று எதைச் சொல்கிறீர்கள்?

பெரிய நிறுவனம் பின்னால் இல்லாமல், விற்பனைக்காக உள்ளடக்கத்தை வளைக்காமல், நடத்துகிறவர்களின் பிடிவாதத்தில் வருவது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1933இல் தொடங்கிய மணிக்கொடியிலிருந்து கணக்கு வைப்பவர்கள் உண்டு. 1959 ஜனவரியில் சி. சு. செல்லப்பா தொடங்கிய எழுத்து என்ற இதழ்தான் இந்த வகைக்கு முன்மாதிரி என்பது என் கட்சி. 1970 வரை 119 இதழ்கள் கொண்டுவந்தார். அவர் புத்தகக் கட்டைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக விற்கப் போனதை இன்றைக்கும் சொல்வார்கள். புதுக்கவிதை என்ற ஒன்று தமிழில் காலூன்றியதில் அந்த மெலிந்த இதழுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

பக்கத்து ஊரையும் சொல்ல வேண்டும். சேலத்திலிருந்து 1968இல் நடை என்ற சிற்றிதழ் வந்தது. எட்டே இதழ்கள்தான், ஆனால் இன்னும் பேசுகிறோம். 1983இல் மீட்சி இதழைத் தொடங்கிய கவிஞர் பிரம்மராஜன் எங்கள் ஊரில் கல்லூரிப் பேராசிரியராக இருந்தவர்.

இன்னும் பின்னால் போனால் சுப்பிரமணிய சிவா. அவரைப் போராட்டக்காரராக மட்டுமே பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். சிறையிலிருந்து வெளியே வந்து, தொழுநோயோடு, 1913இல் ஞானபானு என்று மாத இதழ் தொடங்கினார் என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. பாரதி அதில் எழுதியிருக்கிறார். சிவா 1925இல் பாப்பாரப்பட்டியில் இறந்தார், நினைவிடம் அங்கேதான். வருடத்துக்கு ஒரு முறை மாலை போடுகிற கூட்டத்தில், இவர் ப்ரூஃப் பார்த்த ஆளும்கூட என்று யாராவது நினைத்துப் பார்த்திருப்பார்களா தெரியாது.

ஏன் அச்சு? இணையத்தில் போட்டால் செலவே இல்லையே?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், கேட்பவர்கள் பெரும்பாலும் நம் மேல் அக்கறையாகத்தான் கேட்கிறார்கள்.

முதலில் தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் இதழில் வந்த ஒரு கட்டுரையை ஒருவர் போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் விட்டார். ஒரே ராத்திரியில் அது எத்தனை பேரிடம் போயிருக்கும் என்று எண்ண முடியாது, துபாயிலிருந்துகூட அழைப்பு வந்தது. அத்தனை பேரிடம் போக எங்கள் இதழுக்கு எத்தனை வருஷமானாலும் ஆகாது. பரவ வேண்டும் என்பது மட்டும்தான் நோக்கம் என்றால் அச்சு முட்டாள்தனம்.

ஆனால் அந்தக் கட்டுரை அப்படி வந்ததற்கே அச்சு ஒரு காரணம். 64 பக்கம்தான், 65ஆவது பக்கம் கிடையாது, அதனால் எதை விடுவது என்று நாலு பேரும் சண்டை போட வேண்டியிருக்கிறது. இணையத்தில் இடம் தீராது, ஆகவே எதையும் மறுக்கத் தோன்றுவதில்லை, நண்பர் மனம் நோகக் கூடாது என்று எல்லாவற்றையும் ஏற்றிவிடுவோம். அப்புறம் பிழை. ஆன்லைனில் தப்பாகப் போட்டால் அஞ்சு நிமிஷத்தில் திருத்திவிடலாம் என்பது வசதிதான், அந்த வசதியே நம்மைச் சோம்பேறியாக்குகிறது. பிளேட் போட்டு அச்சேறிவிட்டால் அவ்வளவுதான் என்ற பயத்தில் ஒரே கட்டுரையை மூன்று முறை படிக்கிறோம், எழுதியவரிடம் திருப்பிக் கேட்கிறோம், இருளப்பட்டி என்று ஓர் இடத்தைச் சொன்னால் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம்.

இன்னொன்று, நான் இணைய இதழ்களுக்கு விரோதி இல்லை, நிறையப் படிக்கிறேன். ஆனால் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நான் விரும்பிப் படித்த சில இணைய இதழ்கள் இப்போது திறக்கவே மாட்டேன் என்கின்றன. நடத்தியவர் டொமைனுக்குப் பணம் கட்டுவதை நிறுத்தியிருப்பார், மொத்தமும் போய்விட்டது. எங்கள் முதல் இதழ் இருநூற்று எண்பது வீட்டில் இருக்கிறது, கரையான் அரித்தாலும் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் அரிக்காது.

300 பிரதி ஏன்? ஆயிரம் அடித்தால் விலை குறையுமே?

குறையும். அந்தக் கணக்கில்தான் பல இதழ்கள் கவிழ்ந்தன.

டெம்மி என்ற புத்தக அளவில் 16 பக்கம் ஒரு ஃபாரம். 64 பக்கம் என்றால் நாலு ஃபாரம். 18க்கு 23 அங்குலத் தாளில் ஒரு ஃபாரம் இரண்டு பக்கமும் அடித்துவிடலாம், எனவே ஒரு பிரதிக்கு நாலு தாள், 500 பிரதிக்கு 2000 தாள், அதாவது நாலு ரிம், அச்சில் வீணாகும் தாள் தனி. ஆஃப்செட்டில் பிளேட் செலவும் மெஷின் கூலியும் 300க்கும் ஏறக்குறைய அதேதான், 1000க்கும் அதேதான். அதனால் அச்சகத்தில், "இன்னும் எரநூறு சேர்த்து ஓட்டிக்குங்க சார், பேப்பர் காசுதான்" என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மை. முதல் இதழை அப்படித்தான் 500 அடித்தோம். அதில் 220 இன்னும் என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. விருந்தாளி வந்தால் மனைவி அந்தப் பக்கம் போர்வையை இழுத்துவிடுவார்.

300க்கும் கீழே என்றால் டிஜிட்டல் பிரின்ட் கட்டுப்படியாகும், நூறு பிரதிகூட அடித்துக்கொள்ளலாம். ஒரு பிரதியின் விலை கூடும், ஆனால் கட்டிலுக்கடியில் பணம் தூங்காது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: முதல் இதழ் நூறு, சந்தா சேரச் சேர ஏற்றுங்கள்.

பேப்பர் விலை?

ஏறிக்கொண்டே இருக்கிறது. நாங்கள் 70 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 70 கிராம் எடையுள்ள மேப்லித்தோ தாள் போடுகிறோம். பத்திரிகைக்கு ஜிஎஸ்டி இல்லை என்று கேட்டால் நல்ல செய்தி மாதிரி இருக்கும். ஆனால் வாங்கும் தாளுக்கு உண்டு, விற்கும் பொருளுக்கு வரி இல்லாததால் தாளுக்குக் கட்டியதைத் திரும்பப் பெறவும் முடியாது, அது அப்படியே நம் தலையில். 2025 செப்டம்பர் 22 முதல் நோட்டுப் புத்தகத் தாளுக்கு வரியை எடுத்துவிட்டு, மற்ற அச்சுத் தாளுக்கு 12 விழுக்காட்டிலிருந்து 18 ஆக்கினார்கள். மாணவர் நோட்டுக்கு எடுத்தது சரிதான், புத்தகமும் பத்திரிகையும் அச்சடிக்கிற தாள் என்ன பாவம் செய்தது என்று கேட்க ஆளில்லை.

அச்சடித்தாகிவிட்டது. எப்படி விற்பது?

இங்கேதான் எல்லாருக்கும் மூச்சு முட்டும்.

பேருந்து நிலையக் கடைகளில் முன்பெல்லாம் கயிறு கட்டி கிளிப்பில் பத்திரிகைகளை வரிசையாகத் தொங்கவிட்டிருப்பார்கள். இப்போது அந்த இடத்தில் சிப்ஸ் பாக்கெட் தொங்குகிறது. கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது, வாடகை கட்ட வேண்டுமே. புத்தகக் கடைகளில் வைக்கலாம், பொதுவாக 30 முதல் 40 விழுக்காடு கழிவு கேட்பார்கள், விற்ற பிறகுதான் பணம். 100 ரூபாய் இதழுக்கு 65 ரூபாய் கைக்கு வரும், அதுவும் நாம் நேரில் போய்க் கேட்டால். ஓசூரில் ஒரு கடையில் அஞ்சு பிரதி வைத்தோம், மூன்று விற்றது. 195 ரூபாயை வாங்க நூறு கிலோமீட்டர் பக்கம் பஸ்ஸில் போய் வந்தால் மிச்சம் என்ன? டீ குடித்தால் நஷ்டம்.

ஆக, சந்தாதான் வழி. வருஷத்துக்கு 400. ஜிபே வந்த பிறகு பணம் அனுப்புவது சுலபமாகிவிட்டது, அதனால் ஒரு புதுத் தலைவலி. பணம் அனுப்பிவிட்டு முகவரி அனுப்ப மறந்துவிடுகிறார்கள்! மணியார்டர் காலத்தில் பணத்தோடு முகவரியும் சேர்ந்தே வரும். இப்போது யாரோ "எஸ். குமார்" 400 ரூபாய் அனுப்பியிருக்கிறார், எந்தக் குமார் என்று மூன்று மாதமாகத் தேடுகிறேன். படித்துக்கொண்டிருப்பது நீங்கள் என்றால், ஐயா, தயவுசெய்து பின்கோடோடு ஒரு செய்தி அனுப்புங்கள்.

தபாலில் சலுகை உண்டு என்கிறார்களே?

உண்டு, எங்களுக்கு இல்லை. அஞ்சல் துறையில் பதிவு செய்த செய்தித்தாள் என்ற வகையில் 50 கிராமுக்குள் ஒரு பிரதிக்கு 25 காசு, 100 கிராமுக்குள் 50 காசு. நம்ப முடியாத விலை. ஆனால் அதற்குக் குறைந்தது 50 சந்தாதாரர் வேண்டும், இதழ் 31 நாளுக்கு மேல் இடைவெளி இல்லாமல் வர வேண்டும். அதாவது மாத இதழ் வரைக்கும்தான். எங்கள் இதழ் அட்டையோடு 85 கிராம், எடை சரி, சந்தாதாரர் எண்ணிக்கை சரி, காலாண்டிதழ் என்பதால் வெளியே. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்று மூச்சுவிட்டு நடத்துகிற சிற்றிதழ்களில் பெரும்பாலானவை இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் நிற்கின்றன. சலுகை யாருக்கு அவசியமோ அவர்களை விட்டுவிட்டு மற்றவர்களுக்குக் கிடைக்கிறது என்பது என் புகார்.

பழைய இதழ்களைப் புத்தகங்களோடு கட்டாக அனுப்ப ஓரளவு கைகொடுத்தது பதிவுப் புத்தக அஞ்சல். 2024 டிசம்பரில் அதை நிறுத்திவிட்டார்கள். பதிப்பகங்கள் எல்லாம் கூச்சல் போட்ட பிறகு 2025 மே மாதம் ஞான் போஸ்ட் என்று ஒன்று வந்தது, 300 கிராமுக்கு 20 ரூபாயில் தொடங்கி 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. அது புத்தகத்தை மனதில் வைத்து வந்தது, வியாபார விளம்பரம் உள்ளவை அதில் சேராது. 2025இல் பதிவுத் தபாலும் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைந்துவிட்டது. 100 ரூபாய் இதழை வெளியூருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினால் தபால் செலவே ஐம்பதைத் தாண்டிவிடுகிறது. அதனால் பாதிக்கு மேல் சாதாரணத் தபாலில் போடுகிறோம். காணாமல் போனால் இன்னொரு பிரதி அனுப்புகிறோம், அதற்காகத்தான் இருபது பிரதி ஒதுக்கி வைப்பது. கிருஷ்ணகிரி பக்கம் போகிறவர் யாராவது இருந்தால் கையில் கொடுத்தனுப்புவதும் உண்டு, இதைவிட வேகமான சேவையை நான் பார்த்ததில்லை.

பதிவு செய்ய வேண்டுமா? "தனிச்சுற்றுக்கு மட்டும்" என்று போட்டால் போதாதா?

அந்த வரியைச் சிற்றிதழ்களின் பின்னட்டையில் பார்த்துப் பார்த்து அதுவே ஒரு பாதுகாப்பு என்று எல்லாரும் நம்பிவிட்டோம். 1867ஆம் வருஷத்துப் பழைய சட்டம் போய், 2023இல் வந்த பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பொதுச் செய்தியையோ அதன் மேலான கருத்தையோ குறிப்பிட்ட இடைவெளியில் அச்சிட்டு வெளியிட்டால் அது பருவ இதழ். புத்தகமும், அறிவியல், கல்வித்துறை ஆய்விதழ்களும் அதில் வராது. பதிவு செய்யாமல் நடத்தினால் 5 லட்சம் வரை அபராதம் போட இடம் இருக்கிறது. ஆறுதல் என்னவென்றால், தலைப்பும் பதிவும் சேர்த்து இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், முன்பு மாதிரி மாஜிஸ்திரேட் முன்னால் உறுதிமொழி கொடுக்க அலைய வேண்டாம். நீங்கள் ஆசையாக யோசித்து வைத்திருக்கும் பெயரை ஏற்கெனவே யாராவது பதிவு செய்திருப்பார்கள், அதனால் நாலைந்து பெயரோடு போங்கள்.

விளம்பரம் வாங்கலாமே?

வாங்குகிறோம், பின்னட்டை மட்டும். ஒரு முறை ஒரு தனியார் கல்லூரி முழுப்பக்கம் தருவதாகச் சொன்னது, தாளாளரின் பேட்டி எட்டுப் பக்கம் போட வேண்டும் என்ற நிபந்தனையோடு. அவருக்குக் கவிதையும் வருமாம். மரியாதையாகச் சொல்லிவிட்டு வந்தோம். விதைக்கடை, டெய்லர் கடை, சைக்கிள் கடை இவர்கள் எதுவும் கேட்பதில்லை, பெயர் சரியாக வந்தால் போதும்.

வந்ததிலேயே மோசமான தப்பு எது?

ஔவையார்.

அதியமான் ஆண்ட தகடூர்தான் இன்றைய தருமபுரி என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். நெல்லிக்கனி கதை தெரியாத குழந்தை இங்கே கிடையாது. அதியமானும் ஔவையும் என்று ஒரு கட்டுரையை அட்டையில் போட்டோம். கட்டுரை யூனிகோடில் இருந்தது, அச்சகத்தில் பழைய எழுத்துருவுக்கு மாற்றினார்கள், அந்த மாற்றத்தில் ஔ என்ற ஓரெழுத்து, ஒ தனி, ள தனி என்று இரண்டாகப் பிரிந்து "ஒளவை" ஆகிவிட்டது. பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் அட்டைக்காகப் பெரிதாக்கி எழுத்துக்கு இடைவெளி விட்டபோது ஒ ஒரு பக்கம், ளவை ஒரு பக்கம் என்று நின்றது. தலைமையாசிரியரின் அஞ்சலட்டை மூன்றாம் நாள் வந்தது, அதில் ஒரே ஒரு வாக்கியம்: "பாட்டியை ஏன் உடைத்தீர்கள்?" அதற்குப் பிறகு இண்டிசைனில் யூனிகோடிலேயே பக்கம் வடிவமைத்து பிடிஎஃப் ஆகத்தான் அச்சகத்துக்குக் கொடுக்கிறோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

எழுதுகிறவர்களுக்குப் பணம் கொடுக்கிறீர்களா?

இரண்டு பிரதியும் ஒரு வருஷச் சந்தாவும். போதாது, தெரியும். ஓவியருக்கு மட்டும் பணம் கொடுக்கிறோம், ஏனென்றால் அவருக்கு அது பிழைப்பு.

ஊர் விஷயமே எழுதினால் வெளியூர்க்காரர் வாங்குவார்களா?

நாங்களும் முதலில் அப்படிப் பயந்து, மொழிபெயர்ப்பும் திரைப்படக் கட்டுரையுமாக நிரப்பினோம். அதை எங்களைவிட நன்றாகச் செய்கிற இதழ்கள் சென்னையிலும் நாகர்கோவிலிலும் இருக்கின்றன. எங்களைத் தேடி வாசகர்கள் வந்தது நடுகற்கள் பற்றிய தொடருக்குப் பிறகுதான். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் வயலோரம், ஏரிக்கரை, வேப்பமரத்தடி என்று வீரர்களின் கல் நிற்கிறது, சிலவற்றுக்குப் பொட்டு வைத்துக் கும்பிடுகிறார்கள், சிலவற்றில் துணி துவைக்கிறார்கள். கூத்துக் கலைஞர்களின் பேச்சு, பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர்களின் முதல் வாரம், தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் ஓசூர்ப் பக்கத்து வீடுகள், சாமைக் களி. இதையெல்லாம் படித்துவிட்டுத் தூத்துக்குடியிலிருந்து ஒருவர் சந்தா கட்டினார்.

நாளிதழ் செய்ய முடியாததும் இங்கே ஒன்று இருக்கிறது. பழங்குடிக் கிராமமான வாச்சாத்தியில் வனத்துறையினரும் போலீசாரும் வன்முறை நடத்தியது 1992இல், தருமபுரி நீதிமன்றத்தின் தீர்ப்பு 2011இல், உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023இல். அந்தத் தேதிகளில் எல்லாப் பத்திரிகையிலும் வாச்சாத்தி இருந்தது. நடுவில் இருந்த வருஷங்களில் அந்த ஊர்ப் பெண்கள் கோர்ட்டுக்கு எப்படிப் போய் வந்தார்கள், அன்றைக்குக் கூலியை யார் கொடுத்தார்கள் என்று கேட்டு எழுதுவதற்கு அவசரம் இல்லாத ஒரு பத்திரிகை வேண்டியிருக்கிறது.

பழைய இதழ்களை எங்கே பாதுகாப்பது?

1954ஆம் வருஷத்துச் சட்டப்படி வெளியீடுகளைக் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கும் அனுப்ப வேண்டும், அனுப்புங்கள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் ஒன்று. வீட்டில் வைத்திருந்தால் பேரன் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுவான், நானே அப்படித்தான் என் தாத்தாவின் பெட்டியைக் காலி செய்தேன்.

இடையில் நின்றுவிட்டால் என் சந்தா என்னாகும்?

நியாயமான கேள்வி, கேட்கத் தயங்காதீர்கள். இதற்காகவே நாங்கள் ஒரு வருஷத்துக்கு மேல் சந்தா வாங்குவதில்லை. ஆயுள் சந்தா கொடுங்கள் என்று சிலர் வற்புறுத்துவார்கள், யாருடைய ஆயுள் என்று திருப்பிக் கேட்டால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். சந்தாப் பணம் தனிக் கணக்கில் இருக்கிறது, இதழ் வெளிவந்த பிறகுதான் அந்த இதழுக்கான நூறு ரூபாயை எடுத்துக்கொள்வோம். நின்றால் மிச்சம் ஜிபேயில் திரும்பி வரும். எஸ். குமாருக்கு மட்டும் எப்படி அனுப்புவது என்று யோசிக்க வேண்டும்.

அடுத்த இதழ் எப்போது என்று கேட்பவர்களுக்கு: ப்ரூஃப் முடிந்துவிட்டது, அச்சகத்தில் ஆவணி முகூர்த்தப் பத்திரிகைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன, அவை இறங்கியதும் நம்முடையது ஏறும்.